25565-ஐத் திறக்கலாமா?

அன்பு மகளே,

உன் மெயில் கிடைத்தது. பரீட்சை லீவில் வீட்டிலுள்ள பழைய கம்ப்யூட்டரில் மைன்கிராஃப்ட் சர்வர் வைத்து, வகுப்புத் தோழிகளை எல்லாம் அதில் கூட்டி விளையாட வேண்டும் என்கிறாய். அதற்கு ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்ய வேண்டும், அப்பா கூடாது என்கிறார், சித்தி சொன்னால் கேட்பார் என்றும் எழுதியிருக்கிறாய். அத்தானிடம் நான் பேசுகிறேன். அதற்கு முன் உன்னிடம் பேச வேண்டியது நிறைய இருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: செய். இணையத்தில் நாம் பெரும்பாலும் வாங்கிக்கொள்பவர்களாகவே இருக்கிறோம். படம் பார்க்கிறோம், பாட்டுக் கேட்கிறோம், யாரோ நடத்தும் சர்வரில் போய் விளையாடுகிறோம். உன் வீட்டுக்கு வரும் அதே ஃபைபர் இழை வழியாக நீயும் பத்துப் பேருக்கு ஒன்றைக் கொடுக்க முடியும் என்பதைப் பதினாறு வயதில் கையால் செய்து தெரிந்துகொள்வது பெரிய பாடம். ஆனால் அப்பாவின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. வீட்டு இணைப்பில் ஒரு போர்ட்டைத் திறக்கிறவள், அந்த நிமிடத்திலிருந்து அதைக் காக்கும் பொறுப்பையும் ஏற்கிறாள். உனக்கு நான் சொல்ல வந்தது இதுதான். மற்றதெல்லாம் இதன் விளக்கம்.

ஒன்றைத் திறக்கும் முன் அது ஏன் மூடிக் கிடக்கிறது என்று தெரிய வேண்டும். நாம் இன்னும் பயன்படுத்திவரும் ஐபிவி4 முகவரி முறை 1981-இல் வகுக்கப்பட்டது. அதில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான். அவை போதாது என்பது தொண்ணூறுகளிலேயே தெரிந்துவிட்டது. 1994-இல் ஒரு வழி முன்வைக்கப்பட்டது: வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ ஒரே ஒரு பொது முகவரி, உள்ளே இருக்கும் கருவிகளுக்குத் தனித்தனி உள் முகவரிகள். 192.168 என்று தொடங்கும் எண்களை உன் வீட்டுக் கம்ப்யூட்டரில் பார்த்திருப்பாய். உள் பயன்பாட்டுக்கென்றே ஒதுக்கப்பட்ட எண் வரிசைகளில் அதுவும் ஒன்று. கோடிக்கணக்கான வீடுகளில் இதே எண்கள் இருக்கின்றன. வீட்டுக்கு வெளியே அவற்றை வைத்து யாரையும் தேடிப் பிடிக்க முடியாது. உள் முகவரிக்கும் பொது முகவரிக்கும் இடையே மாற்றிக் கொடுக்கும் வேலையை ரவுட்டர் செய்கிறது. இதற்கு நாட் என்று பெயர்.

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை நினைத்துக்கொள். தெருவுக்கு ஒரே முகவரி, உள்ளே நாற்பது வீடுகள், வாசலில் ஒரு வாட்ச்மேன். நீ ஏதாவது ஆர்டர் கொடுத்திருந்தால், இன்ன வீட்டுக்காரர் கேட்டது என்று தன் நோட்டில் குறித்து வைத்திருப்பதால், வரும் பொருளை உன் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். யாரும் கேட்காமல் வந்து நிற்பவரை உள்ளே விட மாட்டார். உன் தோழி வெளியிலிருந்து உன் சர்வரைத் தேடி வரும்போது அவளுக்கும் இதுதான் நடக்கிறது. போர்ட் ஃபார்வர்டிங் என்பது அந்த நோட்டில் நிரந்தரமாக எழுதி வைக்கும் ஒரு வரி: 'மைன்கிராஃப்டின் போர்ட் எண்ணான 25565-ஐக் கேட்டு யார் வந்தாலும் சர்வரின் உள் முகவரியான 192.168.1.50-க்கு அனுப்பு.' யார் வந்தாலும் என்பதைக் கவனி. வருவது உன் தோழியா, ஊர் பேர் தெரியாதவனா என்று அந்த வரி பார்ப்பதில்லை.

அடுத்து, உன் வீட்டில் இது நடக்குமா என்று பார். இதைச் சோதிக்காமலே நாள் கணக்கில் ரவுட்டரோடு மல்லுக்கட்டுபவர்கள் நிறையப் பேர். ரவுட்டரின் பக்கத்துக்குள் போய், 'வேன் ஐபி' என்று காட்டும் முகவரியைக் குறித்துக்கொள். பிறகு உன் ஐபி முகவரியைச் சொல்லும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து அங்கே காட்டும் எண்ணைப் பார். இரண்டும் ஒன்றாக இருந்தால் வழி இருக்கிறது. வேறுபட்டால் உனக்கும் இணையத்துக்கும் நடுவில் இன்னொரு ரவுட்டர் இருக்கிறது என்று பொருள். அது நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டியாகவே இருக்கலாம். அதோடு அப்பா வாங்கிய வைஃபை ரவுட்டரையும் மாட்டியிருந்தால் இரண்டு இடத்தில் முகவரி மாறும். அப்படியென்றால் இரண்டிலும் விதி எழுத வேண்டும், அல்லது ஒன்றை பிரிட்ஜ் முறைக்கு மாற்ற வேண்டும்.

வேன் ஐபி 100.64-இலிருந்து 100.127-க்குள் இருந்தால் விஷயம் வேறு. உலகளவில் புதிதாகக் கொடுக்க வைத்திருந்த ஐபிவி4 முகவரிக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துவிட்டது. ஆகவே ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் முறை பரவியது. அதற்காக 2012-இல் ஒதுக்கப்பட்ட வரிசை அது. சிஜிநாட் என்பார்கள். இந்தியாவில் பல வீட்டு இணைப்புகள் இப்படித்தான் வருகின்றன. அந்தப் பெரிய ரவுட்டர் நிறுவனத்திடம் இருக்கிறது. அதில் நீ எதையும் எழுத முடியாது. உன் ரவுட்டரில் எவ்வளவு சரியாக விதி எழுதினாலும் வெளியிலிருந்து யாரும் வர மாட்டார்கள். அப்போது உன்மேல் சந்தேகப்படாதே. நிறுவனத்தைக் கேட்டால் கூடுதல் கட்டணத்தில் ஸ்டேட்டிக் ஐபி கிடைக்கலாம். அது வேண்டாமென்றால் டெய்ல்ஸ்கேல், ஜீரோடியர் போன்றவற்றை வைத்து உன் தோழிகளுக்குள் மட்டும் ஒரு தனி வலையமைப்பு அமைத்துக்கொள்ளலாம். அதில் ரவுட்டரில் எதையுமே திறக்க வேண்டியதில்லை, அழைக்கப்பட்டவர்களைத் தவிர வேறு யாரும் வரவும் முடியாது. வருவது நான்கைந்து தோழிகள் மட்டும் என்றால், பொது முகவரி இருக்கும் வீட்டிலும் நான் இதையே முதலில் சொல்வேன். ஆனால் நீ போர்ட் ஃபார்வர்டிங் கற்க ஆசைப்படுகிறாய். அதையும் ஒழுங்காகக் கற்றுக்கொள்.

வேலையை உள்ளிருந்து வெளியே செய். ஒவ்வொரு படியையும் சோதித்த பிறகே அடுத்த படிக்குப் போ. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டு வரவில்லையே என்று உட்கார்ந்தால், கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது.

முதல் படி கம்ப்யூட்டர். அது விண்டோஸ் 10 என்று எழுதியிருந்தாய். அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. வெளியுலகத்துக்குத் திறந்து வைக்கும் கம்ப்யூட்டருக்கு அது ஆகாது. டெபியனோ உபுண்டுவோ நிறுவிக்கொள்; இரண்டும் இலவசம், பழைய கம்ப்யூட்டரிலும் நன்றாக ஓடும். அப்பாவின் வங்கிக் கணக்குத் தாள்கள், குடும்பப் படங்கள் எதுவும் அதில் இருக்கக் கூடாது. சர்வரை ஓட்டத் தனியாக ஒரு சாதாரண யூசர் கணக்கு உண்டாக்கு. நிர்வாகி அதிகாரத்தில் ஓட்டாதே. வைஃபையை நம்பாமல் லேன் கேபிள் போடு.

இரண்டாவது, அந்தக் கம்ப்யூட்டருக்கு நிலையான உள் முகவரி. ரவுட்டர் முகவரிகளைத் தன் வசதிப்படி மாற்றிக் கொடுக்கும். இன்று 192.168.1.50 என்று இருப்பது நாளை அம்மாவின் போனுக்குப் போகலாம். ரவுட்டரில் டிஹெச்சிபி ரிசர்வேஷன் என்ற இடத்தில் கம்ப்யூட்டரின் மேக் முகவரியைக் கொடுத்து, இதற்கு எப்போதும் இந்த எண் என்று பதிந்துவிடு. நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்ற புலம்பலில் பாதி இதைச் செய்யாததால் வருவது.

மூன்றாவது, சர்வரை ஓட்டி, வீட்டிலுள்ள இன்னொரு லேப்டாப்பிலிருந்து அந்த உள் முகவரியைக் கொடுத்துச் சேர்ந்து பார். கம்ப்யூட்டரின் ஃபயர்வாலில் 25565-க்கு மட்டும் அனுமதி கொடு. ஃபயர்வாலையே அணைத்துவிடு என்று யாராவது சொன்னால் கேட்காதே. வீட்டுக்குள் சேர முடியாத சர்வரில் வெளியிலிருந்தும் சேர முடியாது.

நான்காவதுதான் ரவுட்டர் விதி. ஒவ்வொரு ரவுட்டரும் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கும்: போர்ட் ஃபார்வர்டிங், விர்ச்சுவல் சர்வர், நாட் என்று ஏதாவது ஒன்று. வெளி போர்ட் 25565, உள் போர்ட் 25565, உள் முகவரி நீ பதிந்து வைத்தது. மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்புக்கு டிசிபி. போனில் விளையாடும் பெட்ராக் பதிப்பு என்றால் போர்ட் 19132, அதற்கு யூடிபி. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டுத் தேடுவது எல்லாருக்கும் நடக்கிறது.

ஐந்தாவது, வெளியிலிருந்து சோதனை. வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே பொது முகவரியைக் கொடுத்துப் பார்க்காதே; பல ரவுட்டர்கள் உள்ளிருந்து கிளம்பி வெளியே போய்த் திரும்பி வருவதை ஏற்காது. போனின் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்து, மொபைல் டேட்டா வழியாகச் சேர்ந்து பார். இணைப்பு மறுக்கப்பட்டது என்று உடனே வந்தால், பெரும்பாலும் கம்ப்யூட்டர் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது, சர்வர்தான் ஓடவில்லை. நெடுநேரம் காத்திருந்து டைம் அவுட் என்று வந்தால் வழியில் ஏதோ தடுக்கிறது. ரவுட்டர் விதியையும் ஃபயர்வாலையும் மறுபடி பார். பொது முகவரி அவ்வப்போது மாறும். டக் டிஎன்எஸ் போன்ற சேவையில் ஒரு பெயரைப் பதிந்துகொண்டால், தோழிகள் எண்ணுக்குப் பதில் அந்தப் பெயரைக் கொடுத்து வரலாம்.

இதுவரை சொன்னதை ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடலாம். இனிமேல் சொல்வதுதான் லீவு முழுக்க நினைவில் வைத்திருக்க வேண்டியது.

நம் வீட்டு முகவரி யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைப்பாய். 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜீமேப் என்ற நிரலை வெளியிட்டார்கள். வேகமான இணைப்புள்ள ஒரே கம்ப்யூட்டரிலிருந்து, ஐபிவி4 இணையம் முழுவதிலும் ஒரு குறிப்பிட்ட போர்ட் எங்கெல்லாம் திறந்திருக்கிறது என்று முக்கால் மணி நேரத்துக்குள் பார்த்துவிட முடிந்தது. அப்போதே அப்படி. நீ திறந்து வைத்த 25565-ஐயும் யாரோ ஒருவருடைய நிரல் கட்டாயம் தட்டிப் பார்க்கும். எண்ணை மாற்றி வைத்தால் தட்டல்கள் கொஞ்சம் குறையும், நிற்காது.

தட்டுவதால் மட்டும் ஒன்றும் ஆகாது. திறந்த போர்ட்டுக்குப் பின்னால் எந்த நிரல் பதில் சொல்கிறது, அதில் ஓட்டை இருக்கிறதா என்பதே கேள்வி. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நிரல் தொகுப்பில் பெரிய ஓட்டை வெளிப்பட்டது. சர்வர் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும் வரிகளில் ஒரு குறிப்பிட்ட வடிவம் இருந்தால், அதை வெறும் எழுத்தாகப் பாராமல் கட்டளையாக எடுத்துக்கொண்டு வெளியிலிருந்து நிரலைக் கொண்டுவந்து ஓட்டிவிடும். மைன்கிராஃப்டில் அதற்கு சாட்டில் ஒரு வரி தட்டினாலே போதுமாயிருந்தது. திருத்திய 1.18.1 பதிப்பு டிசம்பர் 10-ஆம் தேதி வந்தது. அன்றே புதுப்பித்தவர்கள் தப்பினார்கள். அசட்டையாய் இருந்தவர்களின் கம்ப்யூட்டர் அடுத்தவன் கைக்குப் போகும் நிலையில் கிடந்தது. அதனால் சர்வர், ஜாவா, லினக்ஸ் மூன்றையும் புதுப்பித்துக்கொண்டே இரு. மோட், ப்ளக்கின் எடுக்கும்போதும் கவனம் வேண்டும். 2023 ஜூனில் பலரும் நம்பிப் பயன்படுத்தும் தளங்களிலிருந்த மோட்களுக்குள்ளேயே கடவுச்சொல் திருடும் நிரல் புகுந்திருந்தது தெரியவந்தது. வேண்டியதை மட்டும் போடு.

சர்வரின் அமைப்புக் கோப்பில் ஒயிட்லிஸ்டை முதல் நாளே போட்டுவிடு. நீ பெயர் சேர்த்தவர்கள் மட்டுமே உள்ளே வர முடியும். அங்கே ஆன்லைன் மோட் என்று ஒரு வரி இருக்கும். காசு கொடுத்து வாங்காத பதிப்பை வைத்திருக்கும் தோழிகள் அதை அணைக்கச் சொல்லிக் கேட்பார்கள். அணைத்தால் வருபவர் யார் என்று மைன்கிராஃப்ட் சரிபார்ப்பதை விட்டுவிடும். உன் பெயரைத் தட்டிக்கொண்டு யார் வந்தாலும் நீயாகவே உள்ளே போவார்கள், ஒயிட்லிஸ்ட் இருந்தும் பயனில்லை. வாங்க முடியாதவர்களை ஒதுக்க உனக்கு மனம் வராது, அது எனக்குத் தெரியும். அப்படியானால் எல்லாரும் சேர்ந்து லுவாண்டி விளையாடுங்கள். 2024 வரை மைன்டெஸ்ட் என்ற பெயரில் இருந்தது. திறந்த மூல நிரல், எல்லாருக்கும் இலவசம். அதன் போர்ட் 30000, யூடிபி. நீ கற்றதெல்லாம் அதற்கும் பொருந்தும்.

ரவுட்டரில் இன்னும் சில சுலப வழிகள் கண்ணில் படும். டிஎம்இசட் என்ற ஒன்றை அழுத்தினால் எல்லாம் ஓடிவிடும் என்பார்கள். அது அந்தக் கம்ப்யூட்டரின் எல்லா போர்ட்களுக்கும் வெளியார் வர வழி விடுவது. தொடாதே. யூபிஎன்பி என்பது வீட்டிலுள்ள எந்த நிரலும் உன்னைக் கேட்காமல் தானே போர்ட் திறந்துகொள்ளும் ஏற்பாடு. அணைத்துவிடு. தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பையும், சர்வருக்குக் கட்டளையிடும் ஆர்கானையும் வெளியே திறக்கவே வேண்டாம்.

அத்தானும் நீயும் சேர்ந்து உட்கார்ந்து படிக்க வேண்டிய கதை ஒன்று இருக்கிறது. 2016-இல் மிராய் என்ற நிரல் வீட்டுக் கேமராக்களுக்குள்ளும் ரவுட்டர்களுக்குள்ளும் லட்சக்கணக்கில் புகுந்தது. அதற்குப் பெரிய தந்திரம் ஒன்றும் தேவைப்படவில்லை. தொழிற்சாலையில் வைத்த பெயரையும் பாஸ்வேர்டையும் மக்கள் மாற்றாமல் விட்டிருந்தார்கள். மிராயிடம் அப்படிப்பட்ட சுமார் 60 ஜோடிகளின் பட்டியல் இருந்தது, அவ்வளவுதான். புகுந்த கருவிகளை எல்லாம் ஒரே நேரத்தில் ஒரு முகவரியை மொய்க்க வைத்தால் அந்த இடம் முடங்கிவிடும். அந்த நிரலை எழுதியவர்கள் அமெரிக்காவில் மூன்று இளைஞர்கள். நீதிமன்றத்தில் 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டது வெளியானபோதும் இருபது, இருபத்தொரு வயதுதான். அவர்களுடைய தாக்குதல்களின் முக்கிய இலக்குகளில் ஒன்று என்ன தெரியுமா? மைன்கிராஃப்ட் சர்வர்கள். போட்டி சர்வரை முடக்கினால் ஆட்கள் வேறு சர்வருக்கு வருவார்கள், தாக்குதலுக்குப் பயந்தவர்கள் பாதுகாப்புக்குப் பணம் தருவார்கள் என்ற கணக்கு. பிறகு நிரலை வெளியில் போட்டுவிட்டார்கள். அதை எடுத்து வேறு யாரோ செய்த தாக்குதலில் 2016 அக்டோபர் 21 அன்று, தளங்களின் பெயர்களுக்கு முகவரி சொல்லும் டைன் என்ற நிறுவனம் முடங்கியது. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களை அமெரிக்காவில் ஏராளமானோர் மணிக்கணக்கில் திறக்க முடியாமல் தவித்தார்கள். அந்த மூவருக்கும் 2018-இல் ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 2,500 மணி நேர சமூகப் பணி, 1,27,000 டாலர் இழப்பீடு என்று தண்டனை வந்தது.

இதில் உனக்கு இரண்டு செய்தி இருக்கிறது. உன் வீட்டுக் கருவி பிறர் கைக்குப் போனால் நஷ்டம் உன் வீட்டோடு நிற்காது. உனக்கே தெரியாமல் யாரையோ அடிக்கும் கூட்டத்தில் உன் ரவுட்டரும் ஒன்றாகிவிடும். ஆகவே எந்த விதியும் எழுதும் முன் ரவுட்டரின் நிர்வாகப் பாஸ்வேர்டை மாற்று, அதன் மென்பொருளைப் புதுப்பி, கேமரா இருந்தால் அதற்கும் அப்படியே செய். இரண்டாவது செய்தி உன் மனத்தைப் பற்றியது. சர்வர் நடத்தினால் சண்டை வரும். கட்டிய வீட்டை ஒருத்தி இடிப்பாள், இன்னொருத்தி கோபித்துக்கொண்டு வெளியே போவாள். ஒருவேளை உன் முகவரியைத் தாக்கவும் யாராவது துணியலாம். அந்த நேரத்தில் நீ செய்ய வேண்டியது சர்வரை நிறுத்திவிட்டு, அப்பாவிடமும் இணைப்பு நிறுவனத்திடமும் சொல்வது மட்டும். பதிலுக்குத் தாக்கும் வழியைத் தேடிப் போகாதே. அந்த மூவருக்கும் திறமைக்குக் குறைவில்லை. திறமையை எங்கே நிறுத்துவது என்பதில்தான் தவறினார்கள்.

நடத்துகிறவளுக்குச் சின்னச் சின்னக் கடமைகளும் உண்டு. கரண்ட் போகும்போது சர்வர் பாதியில் நின்றால் விளையாட்டில் கட்டிய உலகமே கெட்டுப்போகலாம். ரவுட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரு யூபிஎஸ் கேள். திரையில் சர்வரின் ஜன்னலை மூடி நிறுத்தாதே, ஸ்டாப் என்று கட்டளை கொடுத்து நிறுத்து. வாரம் ஒருமுறை உலகக் கோப்புறையை வேறொரு டிஸ்கில் நகலெடுத்து வை. அந்த உலகத்தைக் கட்டியது உன் தோழிகளின் உழைப்பு, அது உன்னிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. ஆப் எனப்படும் சர்வர் நிர்வாகி அதிகாரத்தை எல்லாருக்கும் அள்ளிக் கொடுக்காதே. லீவு முடிந்து சர்வரை நிறுத்தும்போது ரவுட்டரில் அந்த விதியையும் அழித்துவிடு. பயன் முடிந்த பிறகும் மறந்துபோய்த் திறந்தே கிடக்கும் போர்ட்களை என் வேலையில் அடிக்கடி பார்க்கிறேன். காவல் இல்லாமல் கிடப்பவை அவைதான்.

அத்தானிடம் நான் என்ன சொல்லப் போகிறேன் என்றால், அவளை மூன்று கேள்வி கேளுங்கள் என்றுதான். எந்த போர்ட்டைத் திறந்திருக்கிறாய், அதற்குப் பின்னால் எந்த நிரல் நிற்கிறது, எந்தத் தேதியில் மூடுவாய். கடிதத்தைப் பார்க்காமல் உன் சொந்த வார்த்தையில் அவருக்குப் புரியும்படி பதில் சொல். ரவுட்டர் பாஸ்வேர்டை அவரும் நீயுமாக உட்கார்ந்து மாற்றுங்கள், விதியையும் அவர் பக்கத்தில் இருக்கும்போதே எழுது. அவருக்கு விளக்கிச் சொல்ல முடியாத எதையும் அதுவரை திறக்காதே. எந்தப் படியிலாவது நின்றுவிட்டால், திரையில் வந்த செய்தியை அப்படியே எடுத்து எனக்கு அனுப்பு. இருவரும் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
சித்தி